ராமர் பகலில், கிருஷ்ணர் இரவில்

மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் தசாவதார கஞ்சீபா என்ற சீட்டாட்டம் ஆட உட்காருகிறவர்கள் முதலில் பார்ப்பது பொழுதை. பகல் என்றால் ராமர் சீட்டு யார் கையிலோ அவர் ஆட்டத்தைத் தொடங்குவார். விளக்கு வைத்த பிறகு கிருஷ்ணர் யாரிடமோ அவர்.

சீட்டுகள் வட்டமானவை. ஒரு கட்டில் 120. ஸ்பேட், கிளாவர் போல நான்கு இனமல்ல, அவதாரத்துக்கு ஒன்றாகப் பத்து இனம். ஒவ்வொன்றிலும் ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். ராஜா சீட்டில் அவதாரமே வீற்றிருக்கும். எண் சீட்டுகளில் அதன் அடையாளம்: மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, வாமனருக்குக் கமண்டலம், பரசுராமருக்குக் கோடரி. ஊருக்கு ஊர் வரிசை மாறும். வங்காளத்தின் பிஷ்ணுபூரில் கிருஷ்ணர் இடத்தில் பலராமர். புத்தர் சீட்டில் இருப்பவர் ஜகந்நாதர்.

பாரசீகத்திலிருந்து வந்த ஆட்டம் இது. சிந்துவில் இருந்த ஷா ஹுசைனுக்குக் கஞ்சீபா அனுப்பியதை பாபர் 1527-ல் எழுதி வைத்திருக்கிறார். முகலாயக் கட்டில் எட்டு இனம், 96 சீட்டு. அதிலும் பகலில் சூரியனாகக் கருதப்பட்ட பொற்காசு தொடங்கும், இரவில் சந்திரனான வெள்ளிக்காசு. ராமர் சூரிய குலம், கிருஷ்ணர் சந்திர குலம். படத்தை மட்டும் மாற்றிச் சாமி பெயர் வைத்துவிட்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. விதியின் உட்பொருள் தெரிந்த யாரோ ஒருவர் யோசித்துத்தான் மாற்றியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

ஆட்டத்தின் நெளிவு எண்களில் இருக்கிறது. ஐந்து இனங்களில் மந்திரிக்கு அடுத்துப் பத்துதான் பெரியது, ஒன்று கடைசி. மற்ற ஐந்தில் தலைகீழ்: ஒன்று பெரியது, பத்து வெறும் சீட்டு. துருப்பு கிடையாது. மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு நாற்பது சீட்டு. இறங்கியவை எவை, யாரிடம் எது மிச்சம் என்பதை இரண்டு வரிசையிலும் மாறிமாறி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடும்போது தெய்வப் பெயர்களைச் சொல்வதால் புண்ணியம் என்பார்கள். சூதாட்டப் பழிக்கு அது வசதியான மறுப்பும்கூட.

மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு 120 போதவில்லை. அவர் வகுத்த ஆட்டங்களில் ஒன்றுக்கு 360 சீட்டு. அரசரோடு ஆட உட்கார்ந்தவர்களின் பாட்டை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது.

பிஷ்ணுபூரில் இந்தச் சீட்டு துணியில் பிறக்கிறது. பழந்துணியைப் பல மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டுவார்கள். பின்பக்கத்துக்குச் சிந்தூரமும் அரக்கும். ஒரு இனத்தில் ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55 அடையாளம். பத்து இனத்துக்கு 550. இருபது ராஜா மந்திரி உருவங்கள் தனி. இத்தனையையும் கையால் தீட்டிய பிறகும், முதுகைப் பார்த்து எந்தச் சீட்டு என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. 120 முதுகும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும்.

அச்சில் வந்த மலிவான நீள்சதுரச் சீட்டோடு இந்த உழைப்பு போட்டியிட முடியவில்லை. சாவந்த்வாடியில் கலை அறுந்துபோகும் நிலையில், 1970களில் அரச குடும்பத்துச் சிவராம் ராஜே போன்ஸ்லேயும் சத்வசீலா தேவியும் வேலை தெரிந்த முதிய ஓவியரிடம் தாங்களே கற்று, அரண்மனையில் பட்டறை நடத்தினார்கள். 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காப்பாற்றப்பட்டது ஓவியம்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆடத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

விலை கொடுத்து வாங்காமலே இதன் ருசியை ஓரளவு அறியலாம். வீட்டிலுள்ள 52 சீட்டுக் கட்டில் நான்கு ராணிகளையும் எடுத்துவிடுங்கள். மீதி 48, இனத்துக்குப் பன்னிரண்டு, கஞ்சீபா கணக்குதான். ஜாக்கி மந்திரி, ஆஸ் என்பது ஒன்று. கறுப்பு இனங்களில் பத்து பெரியது, சிவப்பில் ஆஸ் பெரியது என்று வைத்துக்கொண்டு மூன்று பேர் ஆளுக்குப் பதினாறு பிரித்து ஆடிப் பாருங்கள். நான்கு இனத்திலேயே தலை சுற்றும்.