‘நம்பர் ஒன்’ என்றால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதியா? ஹனேடா விபத்து: சந்தேகங்களும் விளக்கங்களும்

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி மாலை, தரையிறங்கிய பயணிகள் விமானம் ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல் படை விமானத்தின் மீது மோதியது. இரண்டும் தீப்பற்றி எரிந்தன. இதுகுறித்து ஜப்பான் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பர் 25-ஆம் தேதி இடைக்கால அறிக்கை வெளியிட்டது. விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசியது முழுவதும் பதிவாகியுள்ள நிலையில், தவறு எங்கே நேர்ந்தது என்ற கேள்வி எழுந்துள்ளது.

விமானங்களில் எத்தனை பேர் இருந்தனர்?

நியூ சிட்டோசேயிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானத்தில் பயணிகள் 367 பேர், ஊழியர்கள் 12 பேர் இருந்தனர். 379 பேரும் உயிர் தப்பினர். காவல் படையின் டேஷ்-8 விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் உயிரிழந்தனர், கேப்டன் மட்டும் பிழைத்தார். முந்தைய நாள் நிலநடுக்கம் தாக்கிய நோட்டோ பகுதிக்கான நிவாரணப் பொருள்களுடன் அந்த விமானம் நீகாட்டாவுக்குப் புறப்பட இருந்தது.

காவல் படை விமானிக்குக் கோபுரம் சொன்னது என்ன?

‘நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயின்ட் வரை செல்லவும்’ என்று மாலை 5 மணி 45 நிமிடம் 14-ஆவது நொடியில் ஆங்கிலத்தில் கூறப்பட்டது. ஹோல்டிங் பாயின்ட் என்பது ஓடுபாதைக்கு வெளியே விமானம் நிற்க வேண்டிய இடம். ஐந்து நொடிகளில் விமானி அதைத் திருப்பிச் சொல்லி, நன்றியும் தெரிவித்தார். ஓடுபாதைக்குள் செல்லலாம் என்ற சொல் பதிவில் எங்கும் இல்லை.

அப்படியானால் ‘நம்பர் ஒன்’ எதைக் குறிக்கிறது?

புறப்படும் வரிசையில் முதலாவது என்பதை மட்டுமே குறிக்கிறது. ஓடுபாதையில் ஏறி நிற்க ‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்றோ, புறப்பட ‘கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்’ என்றோ கோபுரம் தனியே சொல்ல வேண்டும். ஆனால், உள்ளே செல்ல அனுமதி கிடைத்துவிட்டதாகவே காவல் படை விமானிகள் எண்ணியதாக இடைக்கால அறிக்கை கூறுகிறது.

உத்தரவைச் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகும் குழப்பம் எப்படி வந்தது?

ஓடுபாதை தொடர்பான உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்வதும், அதைக் கட்டுப்பாட்டு அலுவலர் கேட்டுச் சரிபார்ப்பதும் சர்வதேச விதி. சொற்கள் தவறாகக் காதில் விழுந்திருந்தால் அது இந்த முறையில் பிடிபடும். சரியாகக் கேட்ட சொற்களைத் தவறாகப் பொருள்கொண்டால் பிடிபடாது. ஹனேடாவில் நடந்தது இரண்டாவது வகை.

பயணிகள் விமானத்துக்கு இறங்க அனுமதி இருந்ததா?

இருந்தது. 5 மணி 44 நிமிடம் 56-ஆவது நொடியில் அனுமதி தரப்பட்டது. விமானி அதைத் திருப்பிச் சொன்னார். காவல் படை விமானி கோபுரத்தை அழைத்தது இதற்கு 15 நொடிகள் கழித்துத்தான்.

ஓடுபாதையில் விமானம் நின்றதை யாரும் பார்க்கவில்லையா?

சுமார் 40 நொடிகள் அது அங்கே நின்றது. கோபுரத்தின் கண்காணிப்புத் திரையில் நிறம் மாறி எச்சரிக்கை தோன்றியது. ஒலி எழுப்பும் வசதி அப்போது அதில் இல்லை, அலுவலர்கள் அதைக் கவனிக்கவில்லை. இருட்டிவிட்ட நேரம் அது. இறங்கிய விமானத்தின் விமானிகளும் மோதலுக்குச் சற்று முன்பு வரை எதிரே விமானம் இருப்பதை அறியவில்லை.

நுழைவிடத்தில் சிவப்பு விளக்கு கிடையாதா?

சி5-இல் தரையில் பதித்த நிறுத்த விளக்குகள் உண்டு. பராமரிப்புப் பணிக்காக அவை 2023 டிசம்பர் 27 முதல் இயங்கவில்லை. இயங்கும் நிலையில் இருந்திருந்தாலும், மூடுபனி போன்ற வேளைகளில் மட்டுமே அவற்றை எரியவிடுவது வழக்கம். அன்று மாலை பார்வைத் தெளிவுக்குக் குறைவில்லை.

இதற்கு முன் பேச்சுக் குழப்பத்தால் விபத்து நடந்துள்ளதா?

ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 1977 மார்ச் 27-ஆம் தேதி இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்தனர். ‘இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று ஒரு விமானம் சொன்ன அதே நொடியில் கோபுரமும் பேசியதால், மற்றொரு விமானத்தில் கீச்சொலியே கேட்டது. இதன் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல், புறப்பாட்டு அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற நடைமுறை வந்தது.

விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டா?

சர்வதேச விமானங்களை இயக்கும் விமானிகளும் அவர்களுடன் பேசும் அலுவலர்களும் 6 நிலைகள் கொண்ட தேர்வில் குறைந்தது 4-ஆம் நிலை பெற வேண்டும். 4-ஆம் நிலையினருக்கு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 5-ஆம் நிலையினருக்கு 6 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுதேர்வு பரிந்துரைக்கப்படுகிறது. 6-ஆம் நிலைக்கு மறுதேர்வு இல்லை.

விபத்துக்குப் பிறகு ஹனேடாவில் என்ன மாற்றம்?

கண்காணிப்புத் திரையை இடைவிடாமல் பார்ப்பதற்கென்றே 2024 ஜனவரி 6 முதல் ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டார். ‘நம்பர் ஒன்’ போன்று வரிசை எண் சொல்வதும் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது.

குற்றவாளி யார் என்று அறிக்கை சொல்கிறதா?

இல்லை. காரணத்தைக் கண்டறிந்து அடுத்த விபத்தைத் தடுப்பதே வாரிய விசாரணையின் நோக்கம். யாருக்குத் தண்டனை என்பது அதன் வரம்பில் வராது. அலட்சியத்தால் உயிரிழப்பு நேர்ந்ததா என்பதை டோக்கியோ காவல் துறை தனியே விசாரித்தது.