பால்மந்தையிற் பிறக்கும் இறைச்சிக் கன்று

பசு பால் தருகின்றது என்கிறோம். ஆயினும் அது பால் சுரப்பது கன்றின் பொருட்டே. கன்று ஈனாத பசுவிடம் பால் இல்லை. எனவே பாற்பண்ணையாளர் தம் பசுக்களை அடுத்தடுத்துக் கன்று ஈனச் செய்ய வேண்டியவராகின்றனர். பிறக்கும் கன்றுகளுள் ஏறத்தாழப் பாதி நாம்பன்கள். பால் தரமாட்டாத அக்கன்றுகளின் கதி யாது? இவ்வினாவுக்குப் பிரித்தானியப் பாற்பண்ணைகள் கண்ட விடையை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அந்நாட்டுப் பால்மந்தைகளிற் பெரும்பாலும் காணப்படுவது கறுப்பும் வெள்ளையுமான ஹொல்ஸ்ரைன் பிறீசியன் இனம். தீனியைப் பாலாக்குவதில் அதற்கு நிகர் அரிது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாலுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டமையால், அதன் உடலில் எலும்பு தோன்றும் அளவுக்குத் தசை இல்லை. அவ்வின நாம்பனை வளர்ப்பவருக்குத் தீனிச் செலவும் தேறாத காலம் உண்டு. ஆதலால், பிறந்த சில நாட்களுள் அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் சில பண்ணைகளில் இருந்தது. இதனை 2023 ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென அந்நாட்டுப் பண்ணைத் துறையினர் 2020 ஆம் ஆண்டிலே திட்டம் வகுத்தனர்.

அதற்குத் துணைநின்றது கலப்பினவிருத்தி. மந்தை இரு பிரிவாக வகுக்கப்படும். சிறந்த பசுக்களிடமிருந்து மட்டுமே அடுத்த தலைமுறைக் கறவைகளைப் பெறுவர். அவற்றுக்கு, ஆண் பெண் வேறுபடுத்திய விந்தைக் கொண்டு செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிகழும். பெண்கன்றைத் தரும் விந்தணுவிற் பரம்பரைப்பொருள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாக உண்டு. சாயமூட்டி லேசர் ஒளியிற் செலுத்தும்போது அது சற்று மிகுதியாக ஒளிரும். அவ்வேறுபாடு கொண்டு கருவி அதனைப் பிரித்தெடுக்கும். இவ்வாறு பிறக்கும் கன்றுகளிற் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பெண். எஞ்சிய பசுக்களுக்கோ இறைச்சியினக் காளையின் விந்து செலுத்தப்படும். அக்கன்று ஆணாயினும் பெண்ணாயினும் தசைப்பிடிப்பால் நல்ல விலை பெறும்.

எந்தக் காளையைத் தெரிவது? ஸ்கொத்லாந்தின் அங்கஸ் இனக் கன்று சிறியது, ஈற்று எளிது, கொம்பின்மையும் தந்தைவழி வந்துவிடும். இங்கிலாந்தின் ஹெரிபோட் இனமோ கன்றுக்குத் தன் வெள்ளை முகத்தை வழங்கும். சந்தையில் முகமே தந்தையைச் சொல்லிவிடும். பெல்ஜிய நீல இனத்திலே, தசை வளர்ச்சியை அடக்கும் பரம்பரையலகு செயலிழந்துள்ளமையால் தசை திரண்டு நிற்கும். அதன் கலப்புக் கன்றில் இறைச்சி மிகுதி. ஆனால் ஈற்றில் இடருக்கும் இடமுண்டு. முதலீற்றுப் பசுவுக்கு அவ்விந்தை இடுவது பேராசை பெருநட்டமாய் முடியும். வருந்தி ஈன்ற பசு பாலிற் குறையும். மறுபடி சினைப்படவும் தாமதிக்கும். ஆகவே இளம் பசுவுக்கு அங்கஸ், பலமுறை ஈன்ற திடமான பசுவுக்குப் பெல்ஜிய இனம் என்று பிரித்தாளுதல் அறிவுடைமை. கலப்புக் கன்றின் விலையில் மயங்கி எல்லாப் பசுக்களையும் இறைச்சிக் காளைக்கு ஒதுக்கிவிட்டால், சில ஆண்டுகளிற் கறவைக்குப் பஞ்சம் வரும் என்பதையும் மறத்தலாகாது.

கலப்புக் கன்றும் முடிவில் இறைச்சிக்கே செல்கின்றது. அதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. எனினும் பிறந்தபோதே சுமையெனக் கழிக்கப்படுவதற்கும் பேணி வளர்க்கப்படுவதற்கும் வேறுபாடு பெரிது. விலை பெறும் கன்றுக்குக் கடும்புப்பால் வேளைக்குக் கிடைக்கும். உலர்ந்த வைக்கோற் படுக்கையும் கிடைக்கும். பயனற்றது என்று நாம் ஒதுக்கும் உயிர், பல வேளைகளில், நாம் முன்கூட்டிச் சிந்தியாமையாலேயே பயனற்றதாயிற்று என்பதை இக்கன்று நமக்கு உணர்த்துகின்றது.