சந்திரகிரிக் கோட்டை இருப்பது எந்த மாவட்டம்?

திருப்பதிக்கு அருகே சந்திரகிரியில் விஜயநகர மன்னர்கள் காலத்துக் கோட்டை இருக்கிறது. அங்குள்ள மூன்று அடுக்கு ராஜ மகாலைப் படம் எடுக்காமல் திரும்பும் யாத்ரீகர்கள் குறைவு. அந்தப் படங்கள் பள்ளிகள், சங்கங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் இணையதளங்களிலும் இடம் பெறுகின்றன. படத்தின் கீழே "சித்தூர் மாவட்டம்" என்று போட்டிருந்தால் இன்று அது பிழை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆகப் பிரிக்கப்பட்டன. சந்திரகிரியும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்துவிட்டது. கோட்டை ஓர் அங்குலமும் நகரவில்லை. படத்திலும் குற்றமில்லை. விளக்கம்தான் பழசாகிவிட்டது.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய அனுபவமும் அல்ல. வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மாறும்போதெல்லாம் பழைய படங்களுக்குப் புதிய விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு, சங்கத்தின் இணையதளத்தை ஓய்வு நேரத்தில் கவனித்துக்கொள்ளும் இளைஞரிடம் வந்திருக்கிறது.

பழைய பிளாக்கும் புதிய பிளாக்கும்

ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், புகைப்படத்தைத் துத்தநாகத் தகட்டில் பதித்து மரக்கட்டையில் பொருத்துவார்கள். அதற்கு "பிளாக்" என்று பெயர். ஒரு பிரமுகரின் பிளாக் அலமாரியில் பத்திரமாக இருக்கும். வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்துவார்கள். ஆனால் கீழே வரும் விளக்கத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோக்க வேண்டும். அப்போது அதைச் சரிபார்க்கவும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

இணையதளங்களை எழுதித் தொகுக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2003இல் வந்தது. 2018இல் அதன் எடிட்டர் மாற்றி அமைக்கப்பட்டது. அதிலும் படம் வைக்கும் இடத்துக்குப் பெயர் "பிளாக்" என்பதே! அச்சுக்கலையின் முன்னோடியான கூட்டன்பர்க்கின் பெயரைத்தான் அந்த எடிட்டருக்குச் சூட்டினார்கள். ஆனால் பழைய பிளாக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே விளக்கமும் படத்தோடு சேர்ந்தே பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

நூலகத்தில் திருத்தினால் போதாது

பதிவேற்றிய படங்கள் யாவும் வேர்ட்பிரஸின் ஊடக நூலகத்தில் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விளக்கம், மாற்று உரை ஆகியவற்றை அங்கே எழுதி வைக்கலாம். படத்தை ஒரு பக்கத்தில் சேர்க்கும் நேரத்தில் இவற்றின் நகல் அந்தப் பக்கத்தில் பதிந்துவிடுகிறது. பலருக்குத் தெரியாத சங்கதி இதற்கு அப்பால்தான் இருக்கிறது. பின்னால் நூலகத்தில் "சித்தூர்" என்பதைத் "திருப்பதி" என்று மாற்றினாலும், ஏற்கெனவே படம் ஏறிய பக்கங்கள் பொதுவாக மாறுவதில்லை. திருத்தியாயிற்று என்று நினைத்து அவர் நிம்மதியாக இருப்பார். பக்கங்களிலோ பழைய விளக்கமே நிற்கும். ஆகவே படம் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திருத்துவதுதான் வழி. பழைய படத்தை நூலகத்திலிருந்து அழித்துவிட்டால் இன்னும் மோசம். அது இடம் பெற்ற பக்கங்களில் எல்லாம் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும்.

பார்வையற்றவருக்கு என்ன சேதி?

படத்தின் கீழே எல்லோர் கண்ணுக்கும் தெரிவது விளக்கம். மாற்று உரை கண்ணுக்குத் தெரியாது. பார்வையற்றவரின் செல்பேசியில் உள்ள திரை வாசிப்பான் அதை உரக்கப் படிக்கும். அது இல்லாவிட்டால், காமிரா கொடுத்த எழுத்தும் எண்ணும் கலந்த கோப்புப் பெயரை அவர் கேட்க நேரிடலாம். "சந்திரகிரி ராஜ மகால், பாறைக் குன்றின் அடிவாரத்தில் மூன்று அடுக்குக் கட்டடம், உச்சியில் சிறு கோபுரங்கள்" என்று எழுதினால் அவருக்கும் கோட்டை புலப்படும். வெறும் அலங்காரக் கோடு, பூ வேலை ஆகியவற்றுக்கு மாற்று உரையைக் காலியாக விடுவதே முறை.

திருவிழா நிகழ்ச்சி நிரலையும் பள்ளி அறிவிப்பையும் அப்படியே படமாக ஏற்றிவிடுவது இன்று பரவலான வழக்கம். அதில் உள்ள தேதியும் நேரமும் மாற்று உரையில் இல்லாவிட்டால் பார்வையற்றவருக்குப் போய்ச் சேருவது உறுதியில்லை. அறிவிப்பை எழுத்தாகவும் பக்கத்தில் போடுவதே நல்லது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த ஊர்களில் தமிழ்ப் பக்கத்துப் படத்துக்குத் தமிழிலும், தெலுங்குப் பக்கத்துப் படத்துக்குத் தெலுங்கிலும் மாற்று உரை எழுத வேண்டும். மாற்றுத் திறனாளிகள் தகவல்களைத் தடையின்றிப் பெற வழி செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது.

கனமும் உரிமையும்

செல்பேசியில் எடுக்கும் படம் 4,000 பிக்சல் அகலமும் 3,000 பிக்சல் உயரமும் இருந்தால், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் ஆகின்றன. இணையதளப் பக்கத்துக்கு 1,200 பிக்சல் அகலம் பெரும்பாலும் போதும். அப்போது மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம்தான். பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எடிட்டரில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் அது திரையில்தான் சிறிதாகும். பதிவேற்றிய கோப்பின் கனம் குறையாது. முன்னதாகவே அளவைக் குறைத்து ஏற்றினால், மலைப்பாதையில் சிக்னல் குறைவாக உள்ள யாத்ரீகரும் பக்கத்தைச் சீக்கிரம் பார்க்க முடியும்.

தேடுபொறியில் கிடைத்த படம் எல்லாம் இலவசம் என்ற எண்ணமும் தவறு. இந்தியச் சட்டப்படி புகைப்படத்தின் பதிப்புரிமை, பொதுவாக அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். விக்கிமீடியா காமன்ஸில் தாராளமாக எடுத்தாளத்தக்க படங்கள் ஏராளம். ஆயினும் எடுத்தவரின் பெயரைப் போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அங்கும் உண்டு.

திருமலைக் கோயிலுக்குள் பக்தர்கள் காமிராவோ செல்பேசியோ கொண்டு செல்ல அனுமதி இல்லை. ஆதலால் ஏழுமலையான் படத்தைப் போடுகிறவர், அது ஓவியமா, மாதிரி வடிவமா என்பதை விசாரித்து விளக்கத்தில் சொல்லிவிடுவதே நேர்மை. தெரியாமல் "மூலவர் புகைப்படம்" என்று எழுதினால் பக்தரை ஏமாற்றியதாகும்.

வெளியூர் யாத்ரீகர் ஒருவர் இணையதளத்தை நம்பித்தான் புறப்படுகிறார். மாவட்டத்தின் பெயர் தவறினால் அவர் தகவல் கேட்டுத் தவறான அலுவலகத்துக்குப் போன் செய்யக்கூடும். 2022 ஏப்ரலுக்கு முன் ஏற்றிய படங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் உள்ள ஊரையும் மாவட்டத்தையும் ஒரு முறை படித்துப் பார்ப்பது சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு மாலை நேர வேலைதான். அதைத் தள்ளிப் போடாமல் செய்து முடிப்பது ஊருக்குச் செய்யும் உபகாரம்.