சந்தைப் பங்கு சொல்லாத கணக்கு

ஒரு நிறுவனத்தின் நலத்தை அளக்க முற்படும்போது நாம் முதலில் கேட்பது, "சந்தையில் அதன் பங்கு எவ்வளவு?" என்பதைத்தான். நாளிதழ்களின் வணிகப் பக்கங்களும், பங்குத் தரகு நிறுவனங்களின் அறிக்கைகளும், ஏன், வணிகவியல் பாடநூல்களும்கூட இந்தக் கேள்விக்கு முதலிடம் தருகின்றன. விடை ஒற்றை எண்ணாகக் கிடைத்துவிடுவது அதன் வசதி. அந்த ஒற்றை எண்ணை நம்பியவர்கள் எவ்வளவு தவறாகக் கணிக்க முடியும் என்பதற்கு, அமெரிக்கக் கணினி உற்பத்தி நிறுவனமான ஆப்பிள் கடை திறந்த வரலாறு நல்ல சான்று.

2001 மே 19 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் டைசன்ஸ் கார்னர், கலிபோர்னியாவின் கிளெண்டேல் ஆகிய இடங்களில் உள்ள வணிக வளாகங்களில் ஆப்பிள் தனது முதல் இரண்டு சொந்தக் கடைகளைத் திறந்தது. அதற்கு உகந்த காலமாக அது தோன்றவில்லை. 2000 செப்டம்பர் இறுதியில், எதிர்பார்த்த அளவு லாபம் வராது என்று நிறுவனம் அறிவித்ததும், அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முடிந்த காலாண்டில் 19.5 கோடி டாலர் இழப்பு. அமெரிக்காவில் விற்பனையான நூறு கணினிகளில் ஏறத்தாழ ஐந்துதான் ஆப்பிளுடையவை. இந்த நிலையில், ஊரின் விலையுயர்ந்த வணிக வளாகங்களில் வாடகைக்கு இடம் பிடிப்பதா என்று பலரும் கேட்டனர். முன்னணி வணிக இதழொன்று, இந்தக் கடைகள் ஏன் வெற்றி பெறா என்று விளக்கிக் கட்டுரையே வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில் விளக்கை அணைத்துவிட்டுப் புறப்படுவார்கள் என்றார் சில்லறை வணிக ஆலோசகர் ஒருவர்.

அவர்கள் விவரம் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்வே என்ற கணினி நிறுவனம் 1996 முதல் நூற்றுக்கணக்கான கடைகளைத் திறந்து, அவற்றின் செலவைச் சமாளிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. மறுபக்கம், சொந்தக் கடையே இல்லாமல், தொலைபேசியிலும் இணையத்திலும் நேரடியாக விற்று வந்த டெல் நிறுவனம் அந்த ஆண்டில்தான் உலகின் முதலிடத்துக்கு வந்தது. டெல்லின் சிறப்பு, வாடிக்கையாளரிடம் பணத்தை முதலில் பெற்றுக்கொண்டு, உதிரிபாகம் தந்தவர்களுக்குப் பின்னர் கொடுப்பது. பிறர் பணத்திலேயே தொழில் நடக்கும் இந்த முறைக்கு முன்னால், வாடகை என்ற மாறாச் செலவைத் தானாகப் போய்த் தலையில் ஏற்றிக்கொள்பவரைக் கண்டால் யாருக்கும் இரக்கம்தான் வரும்.

ஆப்பிளின் தரப்பிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. தொண்ணூறுகளில் அதன் கணினிகளை விற்றவை பெரும் மின்னணுச் சங்கிலிக் கடைகள். விண்டோஸ் கணினிகளின் நெடிய வரிசைக்குப் பின்னால், ஒரு மூலையில், பாதி நேரம் இயங்காத நிலையில் மெக்கின்டாஷ் வைக்கப்பட்டிருக்கும். எந்தக் கணினி விற்றால் என்ன என்று இருக்கும் விற்பனையாளருக்கு, விலை கூடுதலான, தனக்கே சரியாகப் புரியாத ஒன்றை விளக்க என்ன அக்கறை? பொருளியலில் இதனை முதல்வர் – முகவர் சிக்கல் என்போம். பொருளுக்கு உரியவரின் நலனும் அவருக்காக விற்பவரின் நலனும் ஒன்றாக இல்லாத நிலை அது. மலிவான பொருளுக்கு இந்தச் சிக்கல் சிறியது. விளக்கிச் சொன்னால்தான் விலை நியாயப்படும் பொருளுக்கு இது உயிர்நாடி.

இன்னொரு சிக்கல் சரக்கிருப்பு. சந்தை ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் சந்தைப் பங்கு பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வணிகர்களுக்கு அனுப்பப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கப்படுவது. அவை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தனவா, கிடங்கில் தூங்குகின்றனவா என்பதை அந்த எண் உடனே காட்டாது. கணினியோ காய்கறியைப் போல வாடும் பொருள். மூன்று மாதம் கிடந்தால் விலை விழுந்துவிடும். 1996 தொடக்கத்தில் ஒரே காலாண்டில் ஆப்பிள் கண்ட 74 கோடி டாலர் இழப்பில் பாதிக்கு மேல், விற்காத சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும், அடுத்த ஆண்டு டிம் குக் பணியில் சேர்ந்ததும், சரக்கிருப்பை 43.7 கோடி டாலரிலிருந்து 7.8 கோடி டாலராகக் குறைத்ததும் பலரும் அறிந்தவை. ஆனால், அது நிறுவனத்தின் சொந்தக் கிடங்கில் இருந்த சரக்கு மட்டுமே. வணிகர்களின் அலமாரிகளில் என்ன நடக்கிறது என்பது முழுமையாக அதன் கையில் இல்லை என்பதை 2000-ஆம் ஆண்டின் சரிவு மீண்டும் காட்டியது. கடை திறக்கும் முடிவை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

கடைகள் திறந்த பின் நடந்தது என்ன? விமர்சகர்களின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், முதல் மூன்று ஆண்டுகள் தோல்விதான். 2001 நிதியாண்டில் ஏறத்தாழ 31 லட்சம் கணினிகள் விற்றன. 2002-இலும் 31 லட்சம். 2003-இல் 30 லட்சம். கடைகளின் எண்ணிக்கை ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டிருந்தபோது விற்பனை எண்ணிக்கை அசையவில்லை. மொத்தச் சந்தை வளர்ந்ததால் உலக அளவில் ஆப்பிளின் பங்கு இரண்டு, மூன்று சதவீதத்துக்குத் தேய்ந்தது. கடைப் பிரிவு 2002-இல் 2.2 கோடி டாலர், 2003-இல் 50 லட்சம் டாலர் என்று இழப்புக் காட்டியது.

இங்கேதான் கணக்கேட்டைச் சற்று நெருங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிள் தன் கடைப் பிரிவுக்குத் தனிக் கணக்கு எழுதியது. கடைக்கு வரும் கணினியின் அடக்கவிலையாக அதில் பதியப்பட்டது உற்பத்திச் செலவு அன்று. வெளியிலுள்ள பெரிய வணிகருக்கு வழக்கமாக விதிக்கும் விலையை ஒட்டிய தொகை. ஒரே நிறுவனத்தின் பிரிவுகளுக்கிடையே நிகழும் இத்தகைய விலையிடலை மாற்று விலை என்பர். எனவே கடை காட்டிய இழப்பில், அந்தக் கணினியை உருவாக்கியதால் நிறுவனத்துக்குக் கிடைத்த லாபம் சேரவில்லை. வேறு கடையில் விற்றிருந்தாலும் அந்த லாபம் வந்திருக்குமே என்று வாசகர் கேட்கலாம், சரியான கேள்வி. சொந்தக் கடையால் மட்டுமே கிடைத்த கூடுதல் விற்பனை எவ்வளவு என்பதுதான் இதில் தீர்மானிக்கும் காரணி. கடைகளில் கணினி வாங்குவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதற்கு முன் மெக்கின்டாஷ் வைத்திராதவர்கள் என்று அந்தக் காலகட்டத்தில் நிறுவனம் தொடர்ந்து கூறி வந்தது. அந்தப் பாதி, மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய முறையில் வந்திருக்கக் கூடியவர்களா என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

2004-இல் கடைப் பிரிவின் விற்பனை ஏறத்தாழ 120 கோடி டாலரைத் தொட்டது, 3.9 கோடி டாலர் லாபமும் காட்டியது. அதற்குள் ஐபாட் என்ற இசைக் கருவி வந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடைகள்தாம் ஆப்பிளைக் காப்பாற்றின என்று எழுதுவோரும், ஐபாட்தான் கடைகளைக் காப்பாற்றியது என்று எழுதுவோரும் உண்டு. 2001 நவம்பரில் அந்தக் கருவி வெளிவந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்க்க ஓரிடம் தயாராக இருந்தது என்பதே என் பார்வையில் முதன்மையானது. 2001 நிதியாண்டின் முடிவில் நிறுவனத்திடம் 430 கோடி டாலர் ரொக்கமும் குறுகிய கால முதலீடுகளும் இருந்தன என்பதும் எளிதில் மறக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகள் இழப்பைத் தாங்கிக்கொள்ளப் பணம் இல்லாத நிறுவனம் இதே முடிவை எடுத்திருந்தால், ஆலோசகர் சொன்னபடி விளக்கு அணைந்திருக்கும்.

அதே 2004-இல், ஏப்ரல் மாதத்தில், கேட்வே தன்னிடம் எஞ்சியிருந்த 188 கடைகளையும் மூடியது. அங்கே கணினியைப் பார்க்கலாம். பெரும்பாலும் கையோடு எடுத்துச் செல்ல முடியாது. பதிவு செய்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். விற்றதும் மற்றவர்கள் விற்ற அதே விண்டோஸ் கணினி. விலையில் போட்டியிட வேண்டிய பொருளுக்குக் கடை வாடகையைச் சுமத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2009-இல் கடை திறந்த மைக்ரோசாஃப்ட், 2020-இல் அவற்றை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. ஆப்பிளின் கடைகளை வடிவமைத்த ரான் ஜான்சனே 2011-இல் ஜே.சி. பென்னி என்ற பழைமையான துணிக்கடைச் சங்கிலிக்குத் தலைமையேற்றார். ஒரே ஆண்டில் அதன் விற்பனை நான்கில் ஒரு பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார். கண்ணாடிச் சுவரிலும் மர மேசையிலும் மந்திரம் ஏதுமில்லை. வேறெங்கும் கிடைக்காத பொருளும், வாடகையைத் தாங்கும் லாப விகிதமும் உடையவருக்கே சொந்தக் கடை கட்டுப்படியாகும்.

2006 ஜனவரியில் பங்குச் சந்தை மதிப்பில் ஆப்பிள் டெல்லை முந்தியது. அப்போது உலகில் விற்ற கணினிகளில் ஆறில் ஒன்றுக்கும் மேல் டெல்லுடையவை. 1997-இல், ஆப்பிள் தன் கையில் இருந்தால் அதை மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று மைக்கேல் டெல் சொன்னதை அன்று பலரும் நினைவுகூர்ந்தனர். அவருடைய நிறுவனம் 2013-இல் பங்குச் சந்தையை விட்டே தற்காலிகமாக விலகியது.

இவற்றைக் கொண்டு சந்தைப் பங்கு பொருளற்றது என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். ஓர் அளவுக்குக் கீழே பங்கு சுருங்கினால் மென்பொருள் எழுதுவோர் அந்தக் கணினியைக் கைவிட்டுவிடுவர். மென்பொருள் இல்லாத கணினியை யாரும் வாங்கமாட்டார்கள். 1997 ஆகஸ்டில் போட்டியாளரான மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து 15 கோடி டாலர் முதலீட்டையும், அதைவிட முக்கியமாக, அலுவலக மென்பொருளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தருவதாக உறுதிமொழியையும் ஆப்பிள் பெற்றுக்கொண்டது இந்த அச்சத்தால்தான். பின்னர் இணையம் பரவி, பெரும்பாலான வேலைகள் உலாவிக்குள்ளேயே முடியத் தொடங்கியபோது அந்த அபாய எல்லை தாழ்ந்தது. ஆப்பிளின் நல்வாய்ப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அண்மைக் கால நிலையைப் பார்ப்போம். 2024 நிதியாண்டில் மெக்கின்டாஷ் விற்பனை ஏறத்தாழ 3,000 கோடி டாலர். அதே ஆண்டில் ஹெச்.பி. நிறுவனத்தின் கணினிப் பிரிவு விற்றது ஏறத்தாழ 3,600 கோடி டாலருக்கு. எண்ணிக்கையில் ஹெச்.பி. விற்ற கணினிகள் இருமடங்குக்கும் அதிகம். வருவாயில் வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. லாபத்துக்கு வந்தால், ஆப்பிளின் பொருள்களில் மொத்த லாப விகிதம் 37 சதவீதம், ஹெச்.பி.யின் மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 22 சதவீதம். இதில் அச்சுப்பொறி மையின் கொழுத்த லாபமும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. எண்ணிக்கை, வருவாய், லாபம் என்ற மூன்று பங்குகளும் மூன்று வெவ்வேறு வரிசைகளைத் தருகின்றன. ஆப்பிள் 2018 நவம்பர் முதல் தான் விற்கும் கருவிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. கடைப் பிரிவின் தனிக் கணக்கும் இப்போது இல்லை. நாம் இன்று படிக்கும் சந்தைப் பங்கு வெளியார் மதிப்பீடே. முதலீட்டாளரின் நோக்கில் இது வரவேற்கத்தக்க மாற்றமன்று.

2024 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் மொத்த விற்பனையான 39,100 கோடி டாலரில் கணினியின் பங்கு எட்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது என்பதையும், நேரடி விற்பனை 38 சதவீதமாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்தக் கடையும் இணையக் கடையும் இத்தனை இருந்தும் ஐந்தில் மூன்று பங்கு இன்னும் பிறர் வழியாகவே விற்கிறது. அப்படியானால் கடைகள் எதற்கு என்றால், பழுதுபார்ப்பும் பயிற்சியும் விலையின் கௌரவமும் அங்கேதான் நிலைநிறுத்தப்படுகின்றன. கடை விற்காதபோதும் வேலை செய்கிறது.

இந்தியாவில் அந்தக் கடைகள் வர 2023 ஏப்ரல் வரை ஆனது; மும்பையிலும் தில்லியிலும் திறந்தார்கள். ஒற்றை வணிகச் சின்னத்தை விற்கும் அந்நிய நிறுவனங்கள் 30 சதவீதம் உள்நாட்டில் கொள்முதல் செய்ய வேண்டும் என்ற விதியே நெடுநாள் தடையாக இருந்தது. 2019-இல், ஏற்றுமதிக்காக இங்கே கொள்முதல் செய்வதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசு தளர்த்தியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கோக்கப்பட்டு வெளிநாடு செல்லும் ஐபோன் போன்ற ஏற்றுமதிகளும் மும்பைக் கடைக்கான தகுதிக் கணக்கில் இடம்பெற வழி பிறந்தது இப்படித்தான்.

அமெரிக்காவிலோ கதை தலைகீழாகியிருக்கிறது. 2024 மார்ச்சில் அந்நாட்டு நீதித் துறை, திறன்பேசிச் சந்தையில் ஆப்பிள் ஏகபோகம் செலுத்துவதாக வழக்குத் தொடுத்தது. அமெரிக்கத் திறன்பேசி வருவாயில் 65 சதவீதத்துக்கும் மேல், உயர்தரக் கருவிகளில் 70 சதவீதத்துக்கும் மேல் என்பது அரசின் கணக்கு. அரசு சந்தையை வரையறுத்த விதமே தவறு, உலகளாவிய அளவில் தன் பங்கு மிகச் சிறியது என்பது நிறுவனத்தின் வாதம்.