கடைக்கு ஒரு செய்தி மடல்: குறைந்த செலவில் நடத்துவது எப்படி?

தாம்பரம் வட்டார மளிகை வியாபாரிகளான நமக்கு இன்றுள்ள பெரிய கவலை, புதிதாகக் குடிவருபவர்கள் நம் கடை வாசலையே மிதிக்காமல் போவதுதான். சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்கு வருபவர் கைப்பேசியிலேயே சாமான் வாங்கிவிடுகிறார். சூப்பர் மார்க்கெட்டுகளோ பல வண்ணத்தில் தாள் அடித்து வீடு வீடாகப் போடுகின்றன. வண்ணத்தில் அவர்களோடு போட்டியிட நம்மால் இயலாது, தேவையும் இல்லை. மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், கறுப்பு மை, இது போதும் என்பது எங்கள் கருத்து.

1878-ல் சென்னையில் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டுத் தொடங்கியதுதான் 'தி இந்து'. பிற்காலத்தில் மாம்பலம், அடையாறு, அண்ணாநகர்ப் பகுதிகளில் அந்தந்தப் பேட்டையின் பெயரிலேயே வந்த இலவச வாரத் தாள்களையும் நாம் அறிவோம். உள்ளூர்க் கடை விளம்பரமே அவற்றின் முதல். தம் தெருச் சமாசாரம் இருந்ததால் ஜனங்கள் படித்தார்கள்.

நம்மவர்கள் அச்சடிக்கும் தாளில் என்ன இருக்கிறது? மேலே சாமி படம், கீழே கடைப் பெயர், 'சகல சாமான்களும் நியாய விலையில்' என்று ஒரு வரி. இதை யார் எடுத்து வைப்பார்கள்? மளிகைக்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எத்தனையோ உண்டு. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து, வெயிலில் காயவைத்தால் வருடம் தாங்கும். குண்டூர் மிளகாயின் புது வரத்தும் அதையொட்டியே. புது அரிசி குழையும். தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும். நவராத்திரி ஒன்பது நாளுக்கும் எந்தச் சுண்டல், எத்தனை பேருக்கு எவ்வளவு பயறு ஊறப்போடுவது என்று ஒரு பட்டியல் கொடுத்தால், அந்தத் தாள் சமையலறைச் சுவரில் ஒட்டப்படும்.

இன்னொன்றும் துணிந்து எழுத வேண்டும். 'துவரம் பருப்பில் புது வரத்து தொடங்கியிருக்கிறது, விலை இறங்கும்போல் தெரிகிறது. இந்த மாதம் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்' என்று எழுதலாம். கையிலிருக்கும் சரக்கு தேங்குமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தேங்கட்டும். அந்த மாதம் நாலு கிலோ குறையலாம். அடுத்த மாதம் நாம் 'வாங்கி வையுங்கள்' என்றால் அந்த அம்மாள் நம்புவார். இந்த நம்பிக்கையைக் கைப்பேசி விற்பனைக்காரர்கள் விலை கொடுத்து வாங்க முடியாது.

செலவு விஷயம். ஆப்செட்டில் இருநூறு அடித்தாலும் இரண்டாயிரம் அடித்தாலும் பிளேட் கூலி ஒன்றே. ஆகவே இருநூறு, முந்நூறு போதுமென்றால் ஜெராக்ஸ். ஆயிரம் தாண்டினால் அச்சகம். கடைத் தலைப்பை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வண்ணத்தில் மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் விஷயத்தைக் கறுப்பில் ஏற்றினால் தாள் பளிச்சென்று இருக்கும். பின்பக்கத்தில் பாதியைப் பக்கத்து மருந்துக் கடைக்கோ பாத்திரக் கடைக்கோ விட்டால் காகிதச் செலவு தேறும். முன்பக்கத்தை யாருக்கும் விற்க வேண்டாம்.

போடும் விலைக்கு 'இன்ன தேதி வரை' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். 2022 முதல் பில்லில் அச்சிடும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இதிலும் இருக்கட்டும். ஊர்ச் செய்தியும் அரசியல் விமர்சனமும் வேண்டவே வேண்டாம். பொதுச் செய்தி தாங்கி முறையாக வெளிவரும் இதழ்களுக்கு 2024 மார்ச் முதல் நடப்பிலுள்ள புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி பதிவு தேவை.

பேப்பர் ஏஜெண்டிடம் கொடுத்தால் டியூஷன், மனை விற்பனை நோட்டீஸ்களோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். மாதச் சாமான் பையில் வைத்தனுப்புவதே மேல். சம்பளத் தேதிக்கு முன் தயாராக வேண்டுமாதலால் 25-ந் தேதிக்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். புதுக் குடியிருப்புகளுக்குப் பையன் நேரில் கொண்டுபோகட்டும். தாளின் மூலையில் வெட்டிக் கொண்டுவர ஒரு சீட்டு வைத்து, தெருப் பெயரைக் குறித்து அனுப்புங்கள். மூன்று மாதம் எண்ணிப் பார்த்து, சீட்டே திரும்பாத தெருவுக்குப் போடுவதை நிறுத்திவிடலாம்.