ஒத்திகை எங்கே போனது?

எழுபதுகளில் கொழும்பில் ஒரு மெல்லிசைக் கோஷ்டியை மேடையேற்ற முதலில் ஆட்கள் வேண்டும். ஓர்கன், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், தபேலா, பொங்கோஸ் என்று ஆளுக்கொரு வாத்தியம், பாடகர்கள் வேறு. வெள்ளவத்தையில் கலியாண வீடானாலும் கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாவானாலும் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். இன்று கொலன்னாவையிலிருந்து ஒருவர் ஓட்டோவில் வந்து இறங்குகிறார். தோளில் லெப்டொப் பை, கையில் 49 கீ கொண்ட ஒரு மிடி கொன்ட்ரோலர். பாதிக் கோஷ்டி அதற்குள் அடங்கிவிட்டது.

நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசையால் ஊரைக் கலக்கிய காலத்தில் பாட்டை வானொலியில் கேட்டே படித்தார்கள். இலங்கை வானொலி மறுபடி எப்போது போடும் என்று காத்திருந்து, ஒருவர் வரிகளைக் கொப்பியில் எழுத, இன்னொருவர் இடையிசையைக் காதில் பிடித்துக்கொள்வார். யாராவது ஒருவரின் வீட்டு முன்ஹோலில் ஒத்திகை நடக்கும். வயர் சுருட்டவும் ஸ்பீக்கர் தூக்கவும் கூட வந்த பொடியன் மெல்லப் பொங்கோஸில் கை வைப்பான். கொஞ்ச நாளில் மேடையிலும் இருப்பான்.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சி. அங்கே சீக்குவென்ஷியல் நிறுவனத்தின் புரொஃபெட்-600 கீபோட்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிட்டர்-6 கீபோட்டையும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க மற்றதும் ஒலித்தது. டேவ் ஸ்மித்தும் இக்குதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய அந்தப் பொதுமொழிதான் மிடி. அதே ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தைக் கடைகள் எரிந்தன. கொழும்பை விட்டு யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் பெயர்ந்தவர்களில் வாத்தியக்காரர்களும் இருந்தார்கள்.

திரையிசையும் சும்மா இருக்கவில்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜாவின் கணினி இசை பேசுபொருளாயிற்று. 1992இல் ‘ரோஜா’ வந்த பிறகு சனம் மேடையிலும் அதே ஒலியைக் கேட்டது. ஓர்கனும் தபேலாவும் எவ்வளவு முயன்றாலும் அந்த ஒலி வராது. சிந்தசைசரும் தாளத்தைத் தட்டி வாசிக்கும் ஒக்டபாடும் கோஷ்டிக்குள் நுழைந்தன. ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

கொன்ட்ரோலர் அந்தப் பாதையின் இன்றைய நிலை. அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தக் கீயை அழுத்தினோம், எவ்வளவு விசையாக அழுத்தினோம் என்பதை 0 முதல் 127 வரையான எண்களாக்கி லெப்டொப்புக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. வயலினா, குழலா, தவிலா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மென்பொருள். அதனால் முதல் நாள் இரவே பாட்டுக்குப் பாட்டு எல்லாவற்றையும் வகுத்து வைக்க வேண்டும்: இடக்கைப் பக்கம் பேஸ், வலக்கைப் பக்கம் ஸ்ட்ரிங்ஸ், தட்டும் பாட்களில் கைதட்டலும் உடுக்கும், ஒரு திருகில் எக்கோ. கொலன்னாவை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இடம். இளையராஜா பாட்டு முடிந்த கையோடு ஆறு-எட்டுத் தாளத்தில் ஒரு பைலா கேட்பார்கள். அடுத்து ஹிந்திப் பாட்டு. ஒரு பொத்தானில் தாளமும் வேகமும் வாத்தியமும் சேர்ந்து மாறாவிட்டால் ஆட வந்தவர்கள் நின்றுவிடுவார்கள்.

பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அன்று ஓர்கன்காரரின் காதில் ‘ஒரு கட்டை இறக்குங்கோ அண்ணை’ என்றால் போதும். அவர் கையைப் பார்த்து மற்றவர்களும் இறங்குவார்கள். ட்ரம்ஸ்காரர் தன் பாட்டில் அடிப்பார். இன்று அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அந்தப் பொத்தான் எதையெல்லாம் இறக்குகிறது என்று வீட்டிலேயே பார்த்திருக்க வேண்டும். மிடியின் பொது ஒழுங்கில் தாள வாத்தியங்களுக்குப் பத்தாவது சனல். அதில் 36ஆம் எண் பேஸ் ட்ரம், 38ஆம் எண் ஸ்னெயார். இறக்கத்தை எல்லாச் சனலுக்கும் பொதுவாகப் போட்டிருந்தால், பாட்டு ஒரு கட்டை, அதாவது இரண்டு அரைச்சுரம், இறங்கும்போது 38 என்பது 36 ஆகிவிடும். ஸ்னெயார் விழ வேண்டிய இடத்தில் பேஸ் ட்ரம் ‘தொம்’ என்று விழும். தாள சனலை மட்டும் விலக்கி வைப்பது ஒரு நிமிட வேலைதான். மேடையில் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

கமகமும் அப்படித்தான். சுருதியை வளைக்கும் சக்கரம் வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும். குழலுக்கு அந்த அளவும் நாதஸ்வரத்துக்கு ஒரு முழு ஸ்தாயியும் இருந்தால், குழலில் பழகிய விரல் நாதஸ்வரத்தை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். கீயை அழுத்திய பிறகு சத்தம் வருவதில் உள்ள தாமதம் இன்னொன்று. செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில், லெப்டொப் ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரை 128 மாதிரியில் வைத்தால் அதனால் வரும் தாமதம் ஏறக்குறைய மூன்று மில்லிசெக்கன், கை உணராது. 1024 என்றால் 23 மில்லிசெக்கன்; வேகமான பைலாவில் கை ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். மிகக் குறைத்தாலோ லெப்டொப் திணறிக் கரகரக்கும்.

காசுக் கணக்கும் மாறிவிட்டது. கோஷ்டியில் செலவு ஆட்களுக்குப் போனது. இன்று டொலருக்குப் போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, எல்லாமே இறக்குமதியான இந்தச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. அந்த மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வேறு. தபேலாவுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது அப்போது பலருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஆகவே வேலை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, இடம் மாறியிருக்கிறது. அன்று பிழை வந்தால் மேடையிலேயே ஒருவரை ஒருவர் பார்த்துச் சமாளித்தார்கள். இன்று பிழை வரக்கூடிய இடங்களை ஒருவர் தனியே இருந்து தேடிப் பிடிக்க வேண்டும். இதில் நன்மையும் உண்டு. அடுக்குமாடி வீட்டில் அயலாரை எழுப்பாமல் ஹெட்ஃபோனில் விடியும்வரை பயிலலாம். கோஷ்டி சேர்க்க வசதியில்லாத பிள்ளைக்கும் முழு வாத்தியக் குழுவின் ஒலி எட்டுகிறது. இல்லாமல் போனது வயர் சுருட்டிய பொடியனின் இடம்தான். ஒற்றை ஆள் மேடையில் அவன் எங்கே நிற்பது, யாரைப் பார்த்துப் படிப்பது?

அந்த இடத்தை மிடி மூடவில்லை. ஒரு மிடி கேபிளில் 16 சனல்கள் உண்டு. தாளத்தை இன்னொருவர் தனி ஒக்டபாடில் வாசிக்க எந்தத் தடையும் இல்லை. ஒலித்தடத்தை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பவர்கள், பைலாவுக்கு மட்டுமாவது அதை நிறுத்திவிட்டு ஒக்டபாடை ஒரு பொடியன் கையில் கொடுக்கலாம். முதல் தரம் தடுமாறுவான். சபை பொறுத்துக்கொள்ளும், முந்திய பொடியன்களையும் பொறுத்த சபைதானே அது.