கழற்றி மாட்டலாம் என்று செய்த ரயில்

1950-களில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் டிசம்பர் பிறந்தால், கிறிஸ்துமஸ் மரத்தடியில் மூன்று கம்பித் தண்டவாளம் ஒன்று வட்டமாக விரியும். அதன்மேல் புகை விட்டு, விசில் ஊதி ஓடும் மின்சார ரயிலில் பெரும்பாலும் ‘லயோனல்’ என்ற பெயர் இருக்கும். அன்று அதை ஓட்டிய சிறுவர்கள் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள். பரணிலும் நிலவறையிலும் கிடந்த அவர்களுடைய ரயில்கள் இப்போது பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. அட்டைப்பெட்டி நைந்திருக்கும், சக்கரம் இறுகியிருக்கும், வயரின் ரப்பர் தொட்டால் உதிரும். ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை மறுபடி ஓடும். ஒருநாள் யாரோ ஒருவர் இதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே செய்தவர்கள் செய்த பொருள் அது.

ஜோஷுவா லயோனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் முதலில் செய்த ரயில் குழந்தைகளுக்கானதல்ல. கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சரக்கை ஏற்றிச் சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்துவதற்கான விளம்பரப் பொருள். நின்றவர்கள் சரக்கை விட்டுவிட்டு ரயிலுக்கு விலை கேட்டார்கள். 1906-ல் அவர் நடுவில் மூன்றாவது தண்டவாளத்தைச் சேர்த்தார். ஓரத்துத் தண்டவாளங்கள் மின்சாரத்துக்கு ஒரு முனை, நடுத் தண்டவாளம் மறுமுனை. பாதையை எப்படி வளைத்துத் தன்னோடே சேர்த்தாலும் ஷார்ட் ஆகாது. பத்து வயதுப் பையன் தானே பூட்டி, தானே மாற்றிப் போடலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் வந்தது பொற்காலம். 1946-ல் இன்ஜின் புகை விடத் தொடங்கியது. 1948-ல் சான்டா ஃபே ரயில் கம்பெனியின் சிவப்பு, வெள்ளி நிற டீசல் இன்ஜின் பொம்மையாக வந்தது. நான்கு ரயில்களைத் தனித்தனியே ஓட்டக்கூடிய ‘இசட்-டபிள்யூ’ டிரான்ஸ்ஃபார்மரும் அதே ஆண்டில் வந்தது. அந்தக் காலத்தின் இன்னொரு ஏற்பாடுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. ஊர் ஊராக லயோனல் அங்கீகரித்த பழுதுபார்க்கும் கடைகள் இருந்தன. ஒவ்வொரு இன்ஜினையும் பிரித்துக் காட்டும் படங்களும், ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் எண்ணும் கொண்ட கையேடு அந்தக் கடைகளுக்குப் போனது. விற்ற பொருளுக்கு உயிர் இருக்கும்வரை பொறுப்பு உண்டு என்று ஒரு நிறுவனம் நடந்துகொண்ட விதம் அது.

அந்தக் காலம் பத்து ஆண்டுகளுக்குமேல் நீடிக்கவில்லை. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. வெளியே நெடுஞ்சாலையும் விமானமும் நிஜ ரயிலின் பயணிகளைக் கொண்டுபோயின. நிஜ ரயிலின் மவுசு குறைந்ததும் பொம்மை ரயிலின் மவுசும் குறைந்தது. 1959-ல் கோவன் தன் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். 1969-ல் ரயில் தயாரிக்கும் உரிமை ஜெனரல் மில்ஸ் என்ற உணவுப்பொருள் நிறுவனத்திடம் போனது. நியூ ஜெர்சியில் நடந்த உற்பத்தி மிச்சிகனுக்கு மாறி, புதிய நூற்றாண்டு பிறந்தபோது சீனாவுக்குப் போய்விட்டது. நிஜ ரயில் கம்பெனிகளும் தப்பவில்லை. பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968-ல் ஒன்றாகி, 1970-லேயே திவாலாகின. அந்த இரண்டு பெயர்களும் இன்று ஓடுவது பெரும்பாலும் இந்தப் பொம்மைப் பெட்டிகளின் பக்கவாட்டில்தான்.

சரி, பரணிலிருந்து இறங்கிய ரயிலை எப்படி எழுப்புவது?

முதலில் தொட வேண்டியது இன்ஜினை அல்ல, டிரான்ஸ்ஃபார்மரை. அதன் பழைய வயரின் ரப்பர் வெடித்திருந்தால் பிளக்கில் செருகவே கூடாது. வீட்டு மின்சாரம் அதன் வழியாக வருகிறது, உயிருக்கு ஆபத்து. வயரைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பாதுகாப்பு அமைப்பு சூடேறிய பிறகே மெதுவாக மின்சாரத்தை வெட்டும். அதனால் தண்டவாளத்துக்குப் போகும் வழியில் வேகமாக வெட்டும் ஃபியூஸ் ஒன்றைச் சேர்ப்பது இன்றைய நல்ல பழக்கம்.

அடுத்தது மோட்டார். நம் வீட்டு மிக்சிக்குள் இருப்பதும் இதே வகை மோட்டார்தான். மிக்சி கடைக்காரர் ‘கார்பன் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லி மாற்றுகிறாரே, அதே கார்பன் இங்கேயும் இரண்டு உண்டு. சில ஸ்குருக்களைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, கார்பன் உரசும் செம்பு வட்டைத் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் அடைந்த கரியைப் பல்குச்சியால் நீக்க வேண்டும். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ். பல இன்ஜின்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

முன்னும் பின்னும் போக வைக்கும் கருவிக்கு ‘ஈ-யூனிட்’ என்று பெயர். மின்காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்க, அது சின்ன உருளை ஒன்றை ஒவ்வொரு படியாகச் சுழற்றும். மின்சாரத்தை வெட்டிக் கொடுக்கும்தோறும் முன்னே, நிற்க, பின்னே, நிற்க என்று வரிசை மாறும். அதில் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டி நெம்புகோல் சிக்கிக்கொள்ளும். விசிலின் ஏற்பாடு இன்னும் அழகானது. ரயில் ஓடுவது ஏ.சி. மின்சாரத்தில். விசில் நெம்புகோலை அழுத்தினால் டிரான்ஸ்ஃபார்மர் அதோடு கொஞ்சம் டி.சி. கலந்து அனுப்பும். நிலக்கரிப் பெட்டிக்குள் உள்ள ரிலே அதற்கு மட்டும் அசைந்து விசிலை ஊதும். தண்டவாளத்தைத் தவிர வேறு வயர் கிடையாது. அன்று டிரான்ஸ்ஃபார்மருக்குள் அந்த டி.சி.யை உண்டாக்கிய செம்பு ஆக்சைடு தட்டு காலத்தில் செத்துவிடும். இன்று சில ரூபாய் மதிப்புள்ள சிலிக்கான் டயோடு ஒன்றைச் சால்டர் செய்தால் விசில் மறுபடி கூவும்.

தண்டவாளத் துருவை இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்கக் கூடாது. உதிரும் துகள்கள் காந்தத்தில் ஒட்டி மோட்டாருக்குள் போய்விடும். வண்ணத்தையும் புதுப்பிக்கத் தேவையில்லை. கீறலோடு உள்ள பழைய பூச்சுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு. எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவும் முடியாது. போருக்கு முன் வார்த்த சில துத்தநாகப் பாகங்களில் ஈயக் கலப்பு இருந்தால், காலப்போக்கில் அவை உப்பி, வெடித்து நொறுங்கும். அதற்கு மருந்து இல்லை, புதுப் பாகம்தான் வழி.

அந்தப் புதுப் பாகம் கிடைப்பதுதான் இன்றைய நல்ல செய்தி. பழைய பழுதுபார்ப்புக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் கார்பன், சக்கரம், ஈ-யூனிட் உருளை வரை பழைய எண்ணிலேயே மறுபடி செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். 1954-ல் தொடங்கிய பொம்மை ரயில் சேகரிப்பாளர் சங்கத்தின் அருங்காட்சியகம் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. அதே மாநிலத்தின் யார்க் நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை கூடும் சந்தையில் உதிரிபாகத்தோடு அனுபவமும் கைமாறுகிறது. அன்று கடைக்காரரிடம் மட்டும் இருந்த கையேடு இன்று ஆர்வமுள்ள எவருக்கும் கிடைக்கிறது. பழுதுபார்ப்பதைக் காட்டும் காணொளிகளும் ஏராளம்.

புதிய ரயில்களைக் குறை சொல்வது எளிது, நியாயமாகாது. கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் ஓட்டலாம். நிஜ இன்ஜினின் ஒலி வரும். ஊர்ந்து செல்லும் வேகத்தில்கூடத் திணறாது. நான்கு வயதுக் குழந்தையின் கையிலும் பாதுகாப்பானது. ஆனால் உள்ளே இருப்பது ஒரு மின்னணுப் பலகை. அது எரிந்துபோனால் சுரண்டவோ துடைக்கவோ எதுவும் இல்லை. அதே பலகை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இன்ஜின் அலமாரிக்குத்தான் போகும். பழைய ரயிலில் பழுதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டு உணரலாம். மின்சாரம் எங்கே வந்து எங்கே போகிறது என்று ஒரு குழந்தை அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

உலகம் 1950-க்குத் திரும்ப வேண்டியதில்லை. புளூடூத்தும் இருக்கட்டும், பலகையும் இருக்கட்டும். அந்தப் பலகையின் வரைபடத்தை வெளியிடுங்கள், மாற்றுப் பலகையை நீண்ட காலம் விற்றுக்கொண்டிருங்கள், மூடியை ஸ்குருவால் மாட்டுங்கள் என்று கேட்பது நம் உரிமை. ரயில் பொம்மைக்கு மட்டுமல்ல, கைப்பேசிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இதையே கேட்க வேண்டும். எழுபது ஆண்டுக்கு முன் ஒரு பொம்மைக்கே செய்து காட்டிய மரியாதை இது. இன்றைய பொருள்களுக்கு அதைச் செய்ய முடியாது என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நாம் ஏற்கக் கூடாது.